கொழும்புப் புழுக்கத்தில் வீட்டுக் கோழிகளைக் காப்பது எப்படி

பங்குனி பிறந்ததிலிருந்து வைகாசி மழை இறங்கும் வரை கொழும்பில் கோழிகளுக்குக் கஷ்டகாலம். வெப்பமானியைப் பார்த்தால் 32, 33 பாகைதான் காட்டும். வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் இதைவிடக் கடுமையாக வெயில் எறிக்கும். ஆனால் கொழும்பில் காற்றில் ஈரம் அதிகம், இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. பகல் வாங்கிய வெக்கையை இரவில் இறக்கிவைக்கக் கோழிக்கு வழி கிடைப்பதில்லை. அதனால் மூன்று நான்கு நாள் தொடர்ந்து புழுங்கினால், முதல் நாள் தாக்குப்பிடித்த கோழி நாலாம் நாள் மத்தியானம் சாய்ந்துவிடும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. அதன் உடல் வெப்பநிலை சாதாரணமாகவே 41 முதல் 42 பாகை. சூட்டை வெளியேற்ற அதற்கு இரண்டே வழி. ஒன்று, கொண்டை, தாடி, கால், செட்டைக்குக் கீழுள்ள இறகில்லாத தோல் ஆகியவற்றுக்கு இரத்தத்தை அனுப்பிக் காற்றில் ஆறவிடுவது. மற்றது, சொண்டைத் திறந்து இளைப்பது. இளைக்கும்போது தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. சுற்றியுள்ள காற்றே ஈரத்தால் நிறைந்திருந்தால் அந்த ஆவி போக இடமில்லை. கொழும்பில் கோழி படும் பாட்டுக்குக் காரணம் இதுதான்.

வெக்கை என்றதும் பலரும் செய்வது கூட்டுக்குள் தண்ணீர் தெளிப்பது. வறண்ட ஊரில் அது நல்ல வைத்தியம்: 35 பாகை வெயிலில் ஈரப்பதன் 30 சதவீதம் என்றால், தெளிக்கும் தண்ணீர் காற்றை 22 பாகை அளவுக்குக்கூட இறக்க முடியும். கொழும்பில் 32 பாகையும் 75 சதவீத ஈரப்பதனும் சேர்ந்த மத்தியானத்தில் எவ்வளவு தெளித்தாலும் 28 பாகைக்குக் கீழே போகாது. நடைமுறையில் அதுவரைகூட வராது. காற்றோட்டம் இல்லாத கூட்டுக்குள் புகைபோலத் தெளித்தால் ஈரம் கூடி, கோழியின் இளைப்பு பயனற்றுப் போகும். உமியும் நனைந்து அமோனியா நாற்றம் எழும். ஆகவே இந்த ஊரில் வரிசை இப்படி: முதலில் காற்று, அடுத்தது நிழல், பிறகு குடிதண்ணீர். உடலை நனைப்பது ஆபத்துக்கு மட்டும்.

காற்று ஓடுகிறதா?

மத்தியானம் 2 மணிக்குக் கூட்டுக்குள் போய்க் குந்துங்கள். உங்கள் முகம் கோழியின் உயரத்துக்கு வரவேண்டும். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தித் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பிடியுங்கள். புகை நூல் பிடித்தாற்போல் நேரே மேலே போனால் அந்த இடத்தில் காற்று செத்துக் கிடக்கிறது. சாய்ந்து, கலைந்து, ஒரு பக்கமாக வெளியேறினால் நல்லது. ஒரு நிமிடம் போதும், பத்தியை வெளியே எடுத்துவிடுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் பிழையான முடிவுக்கு வருவீர்கள். பல கூடுகளில் மேலே வலை, கீழே இரண்டரை அடிக்குப் பலகை அல்லது கல்லுக் கட்டு. உங்கள் நெஞ்சில் காற்றுப் படும். கோழி கிணற்றுக்குள் நிற்பதுபோல் நிற்கும்.

அப்படி அடைத்திருந்தால் எதிரெதிர் இரண்டு பக்கங்களிலாவது அடிப்பலகையைக் கழற்றி, தரையிலிருந்து வலை அடியுங்கள். ஆறு முட்டைக்கோழிக்கு 6 அடிக்கு 4 அடிக் கூடு என்றால், 6 அடி நீளப் பக்கங்கள் இரண்டும் முழுக்க வலையாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வராது, வெளியேற வழி இருந்தால்தான் வரும். வலை அரை அங்குலக் கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலையாக இருக்கட்டும். கொழும்பில் கீரி, மரநாய், பூனை, எலி எல்லாம் உண்டு. மெல்லிய அறுகோண வலையை இவை கிழித்துவிடும் என்ற பயத்தில்தான் பலர் இரவில் பலகை போட்டு அடைக்கிறார்கள், கோழி உள்ளே அவிகிறது. வலுவான வலைக்கு ஒருமுறை செலவழித்தால் இரவு முழுக்கத் திறந்தே விடலாம்.

கூரைக்கும் சுவருக்கும் இடையில் அரை அடி இடைவெளி விட்டு, அதற்கும் வலை அடியுங்கள். சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேறும் வாசல் அதுதான்.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பல வீடுகளில் கூடு இருப்பது வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள ஐந்தாறு அடி ஓடையில். அங்கே பின்னேரக் கடற்காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். ஓடையின் எந்த வாயால் அது நுழைகிறது என்று பார்த்து, அந்த வழியில் நிற்கும் பழைய அலுமாரி, பலகை, பூச்சட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். கூட்டை மதிலோடு ஒட்டாமல் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். பகல் வெயில் வாங்கிய மதில் இரவு பத்து மணிக்கும் கையில் சுடும்.

காற்று வராத இடத்துக்கு மின்விசிறிதான் மருந்து. 16 அங்குல ஸ்டாண்ட் விசிறி ஆறு முதல் பத்துக் கோழிக்குத் தாராளம். அதைக் கூட்டுக்கு வெளியே, வலையிலிருந்து ஓரடி தள்ளி, நிழலான பக்கத்தில் வைத்து, காற்று கோழியின் முதுகு உயரத்தில் படும்படி தாழ்த்துங்கள். தலையைச் சுற்றவிடாமல் நிலையாக அடிக்க வையுங்கள். காற்று வேண்டிய கோழி முன்னால் வரும், வேண்டாதது ஒதுங்கும். மழை படாத இடம், ட்ரிப் சுவிச் உள்ள இணைப்பு, கோழி கொத்த முடியாத வயர்: இந்த மூன்றும் இல்லாமல் போடவேண்டாம். கோழிக் கூட்டின் தூசி மோட்டாருக்குள் அடைந்து சூடேறித் தீப்பிடிக்கும். வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூசி தட்டுங்கள்.

விசிறி கட்டாயம் ஓடவேண்டிய ஒரு நேரம் உண்டு. பங்குனி, சித்திரையில் பின்னேரம் இடிமழைக்கு முன், வானம் கறுத்து இலைகூட அசையாமல் நிற்குமே, அந்த ஒரு மணி நேரம். வெயில் மறைந்துவிட்டது என்று நாங்கள் ஆறுதலடையும் அந்த நேரத்தில்தான் புழுக்கம் உச்சத்துக்கு ஏறும். மழை அடிக்கும் என்று நாலு பக்கமும் பொலித்தீனை இறக்கிவிட்டுப் போவதும் அப்போதுதான். சாரல் வரும் பக்கத்தை மட்டும் இறக்குங்கள். அதையும் அடிமட்டம் வரை இறக்காமல், வெளிப்புறமாகச் சரித்துக் கட்டுங்கள்.

கூரையும் நிழலும்

ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருகிறது. கொழும்புக்கு அது 7ஆம் திகதியை ஒட்டி. நண்பகலில் உங்கள் நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். மதில் நிழல், பக்கத்து மாடி நிழல் எதுவும் அப்போது உதவாது. முழு வெயிலையும் கூரைதான் வாங்குகிறது.

தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ போட்டிருந்தால் அது அடுப்புத் தட்டுப்போலக் கீழே வெப்பத்தை வீசும். இதற்குக் கிடுகை விட நல்ல பொருள் இல்லை. ஆனால் கிடுகைத் தகரத்தின் மேல் அப்படியே பரப்பினால் பாதிப் பயன்தான். தகரத்தின் மேல் குறுக்காக 3 அல்லது 4 அங்குல உயரத்துக்குச் சட்டமோ மூங்கிலோ கட்டி, அதன் மேல் இரண்டு அடுக்குக் கிடுகு வேயுங்கள். கிடுகுக்கும் தகரத்துக்கும் இடையில் ஓடும் காற்று வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். கிடுகு மேற்குப் பக்கம் மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டு தாழ்ந்திருந்தால் பின்னேரச் சாய்வெயிலையும் தடுக்கும், கடற்காற்றையும் மறிக்காது. கிடுகு கிடைக்காவிட்டால் 70 சதவீத நிழல்வலையை அதே இடைவெளி விட்டுக் கட்டலாம். நீலத் தார்ப்பாய் வேண்டாம். அதன் கீழ் காற்று அசையாது.

செலவு குறைந்த இன்னொரு வழி வெள்ளையடிப்பது. நீறிய சுண்ணாம்பு 2 கிலோ, தண்ணீர் 4 லீற்றர், வெள்ளைப் பசை 200 கிராம் கலந்து துணியால் வடித்து, கூரையின் மேற்புறத்தில் இரண்டு பூச்சு. மழைக்கு மெல்ல மெல்லக் கழுவுப்படும். வைகாசிக்குப் பிறகு தேவையும் குறைவு. அஸ்பெஸ்ரஸ் சீற்றைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது, அதன் தூசி சுவாசப்பைக்குக் கேடு. பூசுவதென்றால் ஏணியில் நின்று, தொட்டும் தொடாமலும் பூசுங்கள். சீற்றின் மேல் ஏறி நின்றால் உடைந்து விழுவீர்கள்.

மாடிச் சிலாப்பில் கூடு வைத்திருப்பவர்கள் அதை ஒன்றரை அடி உயரத்தில் கற்களின் மேல் தூக்கி வையுங்கள். சிலாப் நள்ளிரவு வரை சுடும். மாலை 5 மணிக்கு, காற்று வீசும் நேரத்தில், கூட்டைச் சுற்றியுள்ள சிலாப்பில் தண்ணீர் ஊற்றலாம். இரவு ஏறும் கட்டை கூரையிலிருந்து மூன்றடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், ஒரு கோழிக்கு 10 அங்குல நீளம் விடவேண்டும்.

தரை விரிப்பு வெயில் காலத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஆறு அங்குல உமியும் எச்சமும் சேர்ந்தால் உள்ளுக்குள் புளித்துச் சூடு கக்கும். கையை ஆழமாக விட்டுப் பாருங்கள், தெரியும். நிழலான ஒரு மூலையில் மூன்றடி சதுரத்துக்கு ஆற்றுமணல் போட்டு, காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டால் கோழிகள் மத்தியானம் அதைக் கிண்டி வயிற்றைப் புதைத்துப் படுக்கும்.

முட்டைப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். மூன்று பக்கமும் அடைத்த அந்தப் பெட்டிதான் கூட்டிலேயே சூடான இடம். முட்டையிடப் போன கோழியோ அடைக்கோழியோ அதற்குள்ளேயே செத்துக் கிடப்பதுண்டு. பின்பலகையைக் கழற்றிவிட்டு வலையும் ஒரு சாக்குத் திரையும் போடுங்கள். அடைக்கோழியை 11 மணிக்கும் 2 மணிக்கும் தூக்கித் தண்ணீருக்குப் பக்கத்தில் விடுங்கள், தானாக எழும்பாது.

தண்ணீர்

முட்டைக்கோழி சாதாரண நாளில் கால் லீற்றர் அளவு குடிக்கும். வெக்கையில் அரை லீற்றர் வரை போகும். ஆறு கோழிக்கு 3 லீற்றர் தேவை, நீங்கள் 5 லீற்றர் வையுங்கள். ஒரே பாத்திரம் போதாது. பலமுள்ள கோழி ஒன்று பாத்திரத்தை மறித்து நின்று மற்றவற்றைக் கொத்தித் துரத்தும். இரண்டு பாத்திரம், எதிரெதிர் மூலைகளில், இரண்டும் நிழலில்.

அளவைவிட முக்கியம் தண்ணீரின் சூடு. சூடான தண்ணீரைக் கோழி தொட்டுவிட்டு விலகிவிடும், பாத்திரம் நிறையத் தண்ணீர் இருக்கத் தாகத்தோடு நிற்கும். கூரைத் தாங்கியிலிருந்து வரும் மத்தியானத் தண்ணீர் பைப்பைத் திறந்ததும் கொதிக்கும். குளிர்ந்த தண்ணீர் வரும் வரை ஓடவிட்டு, அந்தச் சுடுதண்ணீரை வேறு தேவைக்குப் பிடியுங்கள். பிளாஸ்ரிக்கை விட மண்சட்டி நல்லது. மினுக்கம் பூசாத சட்டியில் நீர் கசிந்து வெளிப்புறம் ஆவியாவதால், கொழும்பு ஈரத்திலும் இரண்டொரு பாகை குளிர்ந்திருக்கும். ஒன்றரை லீற்றர் போத்தலில் முக்கால்வாசித் தண்ணீர் நிரப்பி உறையவைத்து 11 மணிக்குச் சட்டிக்குள் வையுங்கள். 2 மணிக்கு அடுத்தது. ஐஸ் கட்டிகளைத் தனியாகப் போட்டால் அரை மணியில் கரைந்துவிடும்.

காலை ஆறரை, 11, 2, நாலரை: இந்த நேரங்களில் தண்ணீரை மாற்றுங்கள். ஒவ்வொரு காலையும் பாத்திரத்தின் உள்விளிம்பைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே ஊற்றிவிட்டு நிரப்பினால் போதாது, டெங்கு நுளம்பின் முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். கொழும்பில் கோழி வளர்ப்பவர் தன் வீட்டுக்கும் அயலுக்கும் செய்யவேண்டிய கடமை இது. கால் நனைக்க வைக்கும் தட்டுக்கும் இதே விதி. அந்தத் தட்டில் இரண்டு அங்குலத் தண்ணீரும் நடுவில் ஒரு செங்கல்லும் இருக்கட்டும். கோழி அதில் நின்றால் காலில் ஓடும் இரத்தம் குளிர்ந்து உடலுக்குத் திரும்பும்.

இளைத்துக்கொண்டே இருக்கும் கோழி உப்புச்சத்தை இழக்கிறது. ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) பக்கெற் ஒன்றை 2 லீற்றர் தண்ணீரில் கரைத்து காலை 10 முதல் பின்னேரம் 4 வரை ஒரு பாத்திரத்தில் கொடுங்கள், மற்றதில் வெறும் தண்ணீர். தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், எச்சம் தண்ணீராகப் போகும். அன்றன்று கரைத்ததை அன்றே ஊற்றிவிடுங்கள்.

தீன்

சாப்பாடு செரிக்கும்போது உடலுக்குள்ளேயே சூடு பிறக்கிறது, அது சாப்பிட்ட சில மணி நேரத்துக்குப் பின் உச்சத்துக்கு வரும். காலை 10 மணிக்கு வயிறு நிறையத் தின்ற கோழிக்கு அந்தச் சூடும் வெயில் சூடும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே விடிய ஐந்தரைக்கே தீன் வையுங்கள், 10 மணிக்குத் தொட்டியை எடுத்துவிடுங்கள், நாலரைக்குத் திரும்ப வையுங்கள். ஒரு கோழிக்கு நாளுக்கு 110 முதல் 120 கிராம் என்ற அளவு குறையாமல் இந்த இரண்டு வேளையில் பிரித்துக்கொள்ளுங்கள்.

மத்தியானத்துக்கு வத்தகப்பழத் தோல், கெக்கரிக்காய், கங்குன் தண்டு கொடுக்கலாம். ஒரு கோழிக்கு ஒரு சிறு பிடி. அதற்கு மேல் போனால் தீனில் கிடைக்கவேண்டிய புரதமும் கல்சியமும் குறையும். தீனைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் விரும்பித் தின்னும். ஆனால் இந்த ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரத்தில் புளித்துவிடும். அரை மணியில் தின்று முடிக்கும் அளவே வையுங்கள். குளிர்ச்சி என்று சின்ன வெங்காயம் அரிந்து போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அளவு மீறினால் வெங்காயம் கோழியின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், அதைத் தவிர்ப்பதே நல்லது. மோரும் அப்படித்தான்: பாலிலுள்ள சர்க்கரையைக் கோழியால் சரியாகச் செரிக்க முடியாது. நிறையக் குடித்தால் கழிச்சல் வந்து, இருக்கும் நீரும் போகும்.

வெயில் காலத்தில் முட்டைக் கோது மெலிவதற்குத் தீன் மட்டும் காரணமில்லை. இளைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு வெளியேறி, கோது கட்டத் தேவையான பொருள் குறைந்துபோகிறது. நொறுக்கிய சிப்பி ஓட்டைத் தனிப் பாத்திரத்தில் பின்னேரம் வையுங்கள். கோது கட்டுவது பெரும்பாலும் இரவில்.

கோழி சாய்ந்தால்

செட்டையை உடம்பிலிருந்து விலக்கிப் பிடிப்பது முதல் அறிகுறி. சொண்டு திறந்து கழுத்து துடிப்பது இரண்டாவது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு 25, 30 மூச்சு வரவேண்டிய இடத்தில் 150க்கு மேல் வரும். இந்தக் கட்டத்தில் காற்றும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தால் மீண்டுவிடும். கொண்டை வெளிறி, கண் செருகி, நடக்கும்போது தள்ளாடினால் இனிக் காத்திருக்க நேரமில்லை.

அமைதியாகத் தூக்குங்கள், துரத்திப் பிடித்தால் அந்த ஓட்டத்திலேயே செத்துப்போகும். பேசினில் சாதாரண பைப் தண்ணீர் எடுத்து, காலும் அடிவயிறும் நனையும்படி ஐந்து முதல் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மேல் இறகு நீரை வழுக்கிவிடும், அடிவயிற்று இறகை விரலால் விலக்கித் தோல் நனைய விடுங்கள். கொண்டையையும் தாடியையும் ஈரத்துணியால் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள்: தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி உள்ளேயுள்ள சூடு அடைபடும், அதிர்ச்சியிலும் உயிர் போகும். சொண்டைப் பிளந்து தண்ணீர் ஊற்றவும் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போகும். சொண்டின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். விழுங்கினால் தொடருங்கள். பிறகு விசிறிக்கு முன்னால் நிழலில் விடுங்கள். நனைந்த தோலின் மேல் ஓடும் காற்றுதான் காப்பாற்றும், நனைத்துவிட்டுப் புழுக்கமான பெட்டிக்குள் வைத்தால் எல்லாம் வீண். அன்று மாலை வரை மற்றக் கோழிகளோடு சேர்க்கவேண்டாம், சோர்ந்ததை அவை கொத்தும்.

ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்காவிட்டால் கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

வெக்கையால் சாகும் கோழி பெரும்பாலும் பின்னேரத்திலும் முன்னிரவிலும் சாகும். கொழுத்த கோழியும் ஐந்தாறு வாரப் புறொய்லரும் முதலில் போகும். விடியற்காலையில் செத்துக் கிடந்தாலோ, பச்சையாகக் கழிந்தாலோ, கழுத்து முறுகினாலோ, அடுத்தடுத்த நாளில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தாலோ ராணிக்கெற் போன்ற தொற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். செத்ததை வெறும் கையால் தொடாமல் பையில் கட்டி வைத்து, பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள். நோயை வெக்கை என்று நினைத்து இரண்டு நாள் ஜீவனி கொடுத்துக்கொண்டிருந்தால் மிச்சக் கோழிகளும் போய்விடும்.

வளிமண்டலவியல் திணைக்களம் மேல் மாகாணத்துக்கு வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடும் நாட்களில் முதல் நாள் இரவே போத்தல்களை உறையவையுங்கள். அந்த நாட்களில் தடுப்பூசி போடுவது, கூடு மாற்றுவது, புதுக் கோழி சேர்ப்பது எதுவும் வேண்டாம். செய்தே ஆகவேண்டுமென்றால் காலை 7 மணிக்கு முன். நாலு வாரத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு மட்டும் மேலே சொன்ன ஈரமும் விசிறியும் ஆகாது. பகலில் சூடு கொடுக்கும் பல்பை அணைத்து நிழலில் வைத்தால் அவற்றுக்குப் போதும். கூட்டமாக ஒடுங்கினால் குளிர்கிறது, சுவரோரமாகப் பரந்து சொண்டு திறந்தால் சுடுகிறது.